அக்காவின் நெற்றி

அக்கா மாநகராட்சித் தேர்தலில் நின்றபோது அவளுக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தது நான்தான். காஞ்சிபுரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துச் சந்தில் எனக்கு ஒரு டிசைன் கடை இருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து பேனர், கண்ணீர் அஞ்சலி, பட்டுக் கடைகளின் ஆடித் தள்ளுபடி விளம்பரம் என்று வருவதையெல்லாம் செய்வேன். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்காரர்களும் வருவார்கள். வேட்பாளர் எந்த சாமியைக் கும்பிடுகிறவர் என்று கடையில் உட்கார்ந்து யாராவது பேச்சை எடுத்தால் நான் ஒரே பதில்தான் சொல்வேன். சாக்கடை அடைத்துக்கொண்டால் எந்த சாமியைக் கும்பிடுகிறவன் வீட்டிலும் நாற்றம் ஒன்றுதான் என்பேன். எல்லோரும் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அக்கா என்னைவிடப் பல வயது மூத்தவள். ஓரிக்கை போகிற வழியில் எங்கள் காலனியிலேயே கட்டிக்கொடுத்தோம். அப்பா முசரவாக்கம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். எங்கள் தலைமுறையில் நிலத்தில் இறங்கியவர்கள் யாரும் இல்லை. ஆட்டோ ஓட்டுகிறவர், ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவர், கார் கம்பெனிக்கு ஷிஃப்ட் போகிறவர் என்று ஆளுக்கொரு வேலை. அக்கா வீட்டில் ஜாக்கெட் தைக்கிறாள். காலனியில் பாதி வீடு மாரியம்மன் கோயில், பாதி வீடு சர்ச். ஒரே வீட்டில் அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்பதும் உண்டு. கல்யாணமும் சாவும் சேர்ந்தேதான் நடக்கும்.

மாமா வீட்டில் மூன்று தலைமுறையாக வேதக்காரர்கள். கல்யாணத்துக்குப் பிறகு அக்காவும் மாமாவுக்காக ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சுக்குப் போய்வந்தாள். பொட்டு வைத்துக்கொண்டுதான் போவாள். அவள் மாமியார் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை.

இரண்டாவது குழந்தை எட்டாம் மாதத்தில் வயிற்றிலேயே இறந்துபோனது. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அக்கா யாரிடமும் பேசவில்லை. சோறு வைத்தால் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மா குறி கேட்கப் போகலாம் என்றாள், மாமியார் பாஸ்டரை வீட்டுக்கு அழைக்கலாம் என்றார். அக்கா இருவரிடமும் தலையைக்கூட அசைக்கவில்லை. ஒரு நாள் காலையில் தானாக எழுந்து சர்ச்சுக்குப் போனவள், அன்று பகல் முழுவதும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் நான் போய் அழைத்துவந்தேன். வண்டியில் வரும்போது பின்னாலிருந்து, "பசிக்குதுடா" என்றாள். அத்தனை நாளில் அவள் பேசிய முதல் வார்த்தை அது. அன்றிலிருந்து அவள் பொட்டு வைப்பதில்லை. யார் சொல்லியும் விட்டதல்ல. அந்த நெற்றி ஏன் அப்படி இருக்கிறது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

அவள் தேர்தலில் நின்றது தண்ணீரால். எங்கள் வார்டில் காலனியும் இருக்கிறது, அதை ஒட்டி நான்கைந்து நெசவுத் தெருக்களும் இருக்கின்றன. ஒரு கோடை முழுவதும் குழாயில் சாக்கடைத் தண்ணீர் கலந்து வந்தது. மகளிர் குழுவுக்கு அக்காதான் தலைவி. மனு கொடுத்துப் பார்த்து ஒன்றும் நடக்காமல், பெண்கள் எல்லோரும் காலிக் குடத்தோடு மெயின் ரோட்டில் உட்கார்ந்தார்கள். நெசவுத் தெருப் பெண்களும் வந்தார்கள். போலீஸ் வண்டி வந்ததும் பாதிப் பேர் எழுந்து ஓரமாகப் போனார்கள். அக்கா எழவில்லை. என்ஜினீயர் நேரில் வந்து குழாயைத் தோண்டச் சொன்ன பிறகுதான் எழுந்தாள். எப்படி அவ்வளவு தைரியம் என்று பிறகு கேட்டேன். "தைரியமும் இல்ல ஒன்னும் இல்ல. கால் நடுங்கிச்சு. உள்ளுக்குள்ள ஜெபம் பண்ணிக்கினே இருந்தேன்" என்றாள்.

அடுத்து வந்த தேர்தலில் எங்கள் வார்டு பெண்களுக்கு என்று வந்தது. குழுப் பெண்கள் அவளை நிற்கச் சொன்னார்கள். கட்சிகள் எதுவும் அவளைக் கேட்கவில்லை. சுயேச்சையாக மனுத் தாக்கல் செய்தாள், பூட்டு சாவி சின்னம் கிடைத்தது. நோட்டீஸ் வேலையை என்னிடம் விட்டுவிட்டாள். வாசகத்தை மட்டும் அவளே சொன்னாள். படம் எதைப் போடுவது என்று கேட்டதற்கு, "நீ பாத்து போடு" என்றாள்.

குழுவின் அடையாள அட்டைக்காக நானே எடுத்த படம் ஒன்று இருந்தது. நீலப் புடவை, லேசான சிரிப்பு. அதை வைத்து நோட்டீஸை முடித்துத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தபோது என் நண்பன் ஒருவன் கடைக்கு வந்தான். அந்த நெசவுத் தெருக்காரன், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஒரு பட்டுக் கடையில் விற்பனையாளனாக இருக்கிறான். அக்காவிடம் அவனுக்கு மரியாதை உண்டு. அவன் அம்மாவும் அன்று குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்தவர். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"அக்கா நல்லவங்க மச்சான், அதுல ஒன்னும் சந்தேகம் இல்ல. ஆனா எங்க தெருவுல எல்லாருக்கும் அவங்களத் தெரியாது. வெறும் நெத்தியப் பாத்தா ஒரு மாதிரி யோசிப்பாங்க. ஒரு பொட்டு இருந்துச்சுன்னா பேச்சே இல்ல."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நானும் அதைப் பெரிதாக யோசிக்கவில்லை. என் தொழிலில் அது ஒரு வேலையே இல்லை. மணப்பெண்ணின் முகப்பருவை அழித்திருக்கிறேன். இறந்துபோன அம்மாவின் படத்தில் குங்குமம் சின்னதாக இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்ல, பெரிதாக்கிக் கொடுத்திருக்கிறேன். அக்காவின் புருவங்களுக்கு நடுவே மெரூன் நிறத்தில் ஒரு வட்டம் வைத்தேன். ஒட்டவைத்த மாதிரி தெரியக் கூடாது என்று விளிம்பைக் கொஞ்சம் மங்கலாக்கி, ஒரு பக்கம் லேசாக நிழல் கொடுத்தேன். நண்பன், "இப்ப பாரு" என்றான். பார்த்தேன். எனக்குக் கல்யாணத்துக்கு முந்தைய அக்கா மாதிரி இருந்தது. அவளுக்கு அனுப்பிக் கேட்டிருக்கலாம். வேண்டாம் என்பாள் என்று தெரியும். அதனால்தான் கேட்கவில்லை. அன்றே அச்சுக்குப் போய், மறுநாள் காலையில் கட்டுக் கட்டாக குழுப் பெண்களின் கைக்குப் போய்விட்டது. மத்தியானத்துக்குள் நெசவுத் தெருக்களில் கொடுத்து முடித்துவிட்டார்கள்.

அக்கா அன்று வேறு பக்கம் ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். சாயங்காலம் கையில் ஒரு நோட்டீஸோடு கடைக்கு வந்தாள். வேலை செய்கிற பெண்ணை டீ வாங்கிவர அனுப்பிவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இது யாருடா?"

"நீதான்கா."

"நான் இல்ல."

நான் பேச ஆரம்பித்தேன். எல்லாக் கட்சிக்காரர்களும் செய்வதுதான் என்றேன். பெரிய தலைவர்களே நோன்புக் கஞ்சிக்குப் போனால் குல்லா போடுகிறார்கள், கோயிலுக்குப் போனால் விபூதி வைக்கிறார்கள், அதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றேன். ஜெயித்த பிறகு நீ எப்படியும் இரு, இப்போதைக்கு அந்தத் தெருக்காரர்கள் தயங்காமல் ஓட்டுப் போடட்டும் என்றேன். எல்லாம் உனக்காகத்தான் என்றும் சொன்னேன்.  நான் முடித்த பிறகு அவள் நோட்டீஸை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"எனக்காகன்னு சொல்லாத. நான் இருக்கற மாதிரி இருந்தா எவனும் ஓட்டுப் போட மாட்டான்னு நீ நெனச்ச. அதான் விஷயம்."

மிச்சம் இருந்த கட்டுகளைக் கொடுக்க வேண்டாம் என்று நிறுத்தினாள். புதிதாக அடிக்க நேரம் இல்லை. கொடுத்ததைத் திரும்ப வாங்கவும் முடியாது. வீடு வீடாகத் தானே போவதாகச் சொன்னாள். நானும் வருகிறேன் என்றேன். 

மறுநாள் அந்தத் தெருக்களுக்கு அவள் பின்னால் போனேன். ஒரு வீட்டில் என் அம்மா வயதுள்ள ஒரு பெண்மணி தறியில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் தறியை நிறுத்தினார். ஜன்னல் கம்பியில் எங்கள் நோட்டீஸைச் செருகி வைத்திருந்தார். அதை எடுத்து ஒரு முறை பார்த்தார், அக்காவை ஒரு முறை பார்த்தார்.

"இதுல பொட்டு வச்சிக்கினு இருக்கீங்க. நேர்ல காணமே."

"படத்துல தப்பா வந்துட்டுதுமா. நான் சர்ச்சுக்குப் போறவ. பொட்டு வெக்கறதில்ல."

தப்பாக வந்துவிட்டது என்றாள். யார் செய்தது என்று சொல்லவில்லை. நான் அவளுக்குப் பின்னால் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

"தெரியுமே எனக்கு. தண்ணிக்கி ரோட்டுல உக்காந்தப்ப பக்கத்துலதான இருந்தேன். நீங்க வாய்க்குள்ள ஜெபம் சொல்லிக்கினு இருந்தீங்க. நான் பெருமாளே பெருமாளேன்னு இருந்தேன்." அந்த அம்மாள் நோட்டீஸைத் திரும்ப ஜன்னலில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். "நீங்க எந்த சாமியக் கும்புட்டா எங்களுக்கு இன்னாமா? ஆனா இதைப் பாத்ததும் ஒரு மாதிரி ஆயிடுச்சி. எங்கள அப்டிப்பட்டவங்கன்னு நெனச்சிட்டீங்களே."

அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். நான் வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லோரும் அப்படிச் சொல்லவில்லை. நண்பன் சொன்னதும் முழுப் பொய் இல்லை. அதே தெருவில் ஒருவர், அக்கா விஷயத்தைச் சொன்னதும், "ஓஹோ, நம்மாளுன்னு நெனச்சேன்" என்று சொல்லி உள்ளே போய்விட்டார். இன்னொரு வீட்டில், கருட சேவைக்குத் தெருவில் பந்தல் போட அனுமதி கேட்டால் கையெழுத்துப் போடுவீர்களா என்று அந்த வீட்டுக்காரர் கேட்டார். அது நியாயமான கேள்விதான் என்று இப்போது நினைக்கிறேன். அக்கா, "பந்தலும் போட்டுத் தண்ணித் தொட்டியும் வெக்கச் சொல்றேன்" என்றாள். அவர் சிரித்தார். பொட்டு வைக்காமல் முதலிலேயே இப்படி நேராகப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காத நாள் குறைவு.

இரண்டு நாள் கழித்து எல்லோருடைய செல்போனிலும் ஒரு படம் சுற்றியது. ஒரு பக்கம் எங்கள் நோட்டீஸ் படம், மறுபக்கம் சர்ச்சில் முக்காடு போட்டு நிற்கிற அக்கா. எது நிஜ முகம் என்று மேலே கேள்வி. எதிர்த்து நின்ற யாரோ செய்தது. எனக்கும் வந்தது. இரண்டில் பொய்யான படம் எது என்று எனக்குத் தெரியும். அதில் நிழல் போட்டது நான். நோட்டீஸின் அடியில், சட்டப்படி போட வேண்டும் என்பதற்காக, அச்சிட்டது என்று பொடி எழுத்தில் என் கடையின் பெயர் இருந்தது. யாரும் அதைப் படிக்கவில்லை.

நெசவுத் தெருக்களைவிட அவளை அதிகம் காயப்படுத்தியது சர்ச்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வழக்கமாக உட்காருகிற இடத்தில் உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த இரண்டு பெண்கள் எழுந்து முன்னால் போய்விட்டார்களாம். பாஸ்டர் ஆராதனை முடிந்து வாசலில் நின்று எல்லோருக்கும் கை கொடுத்தபோது இவளிடம் மட்டும் தலையசைத்தாராம். வீட்டுக்கு வந்ததும் மாமியார் அழுதார். அத்தனை வருடம் பொட்டோடு வந்த மருமகளை ஒரு வார்த்தை சொல்லாதவர், ஓட்டுக்காக ஏசப்பாவை மறைத்துவிட்டாயே என்று கேட்டார். இதையெல்லாம் மாமா என்னிடம் சொன்னார். படத்தில் பொட்டு நானாக வைத்தது என்று அவருக்கும் தெரியாது. நான் கேட்டுக்கொண்டு, "அப்படியா" என்றேன்.

அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போனேன். சர்ச்சில் வந்து எல்லோருக்கும் முன்னால் நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவள் தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"வேணாம்பா. மாட்டிக்கினதும் தம்பி மேல போட்டுட்டாள்னு சொல்லுவாங்க. என் பேர்ல வந்த நோட்டீசு. நான்தான் பாத்திருக்கணும்."

இன்னும் ஒரு முறை நான் வற்புறுத்தியிருக்க வேண்டும். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது, ஆனால் நான் பேசாமல் இருந்தது அந்த நியாயத்தால் அல்ல. அவள் வேண்டாம் என்றதும் எனக்கு மூச்சு வந்தது. வாசலில் வந்து வண்டியை எடுக்கும்போது நிம்மதியாகத்தான் இருந்தது. நோட்டீஸில் செய்ததைக்கூட முட்டாள்தனம் என்று சொல்லிக்கொள்ளலாம். அந்த நிம்மதிக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

தோற்றுவிட்டாள். இரண்டாவதாக வந்தாள். வாக்கு எண்ணுகிற இடத்தில் மாமா ஏஜெண்டாக உட்கார்ந்திருந்தார், எந்தச் சாவடியில் எவ்வளவு என்று குறித்துக்கொண்டு வந்தார். நாங்கள் பயந்த நெசவுத் தெருச் சாவடியில் அக்காவுக்கு நன்றாகவே விழுந்திருந்தது. காலனிக்காரர்களின் சாவடியில்தான் குறைந்திருந்தது. அதற்குப் பல காரணம் இருக்கலாம். கட்சிக்காரர்கள் கடைசி நேரத்தில் வேலை செய்திருக்கலாம், வேலைக்குப் போனவர்கள் திரும்பி வந்து ஓட்டுப் போடாமல் இருந்திருக்கலாம். யார் எதை நினைத்துப் பொத்தானை அழுத்தினார்கள் என்று மெஷின் சொல்வதில்லை. ஆனால் காலனியில் ஒரு பெண் என் மனைவியிடம் குழாயடியில் சொன்னாள், சொந்த சாமியையே ஒளித்துவைக்கிறவள் நாளைக்கு எங்களை ஒளித்துவைக்க மாட்டாளா என்று. மனைவி அதை என்னிடம் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு என் கடையில் நடப்பது தெரியும்.

ஜெயித்தவரின் கணவர் ஒரு வாரம் கழித்து என் கடைக்கு வந்தார். வாக்காளர்களுக்கு நன்றி சொல்லி பேனர் வேண்டும் என்றார். நான் வேறு கடையைப் பார்க்கச் சொல்லலாமா என்று அக்காவைப் போனில் கேட்டேன். உன் தொழில், செய்து கொடு என்றாள். செய்து கொடுத்தேன். அவர்களும் மோசமில்லை. குழாய் மாற்றுகிற வேலை பாதித் தெருவரை வந்து நின்றிருக்கிறது. மீதிக்கு அக்காவும் அந்தத் தறிக்கார அம்மாளும் சேர்ந்து திங்கட்கிழமைகளில் கலெக்டர் ஆபீசுக்கு மனுவோடு போகிறார்கள். சில நாள் நான்தான் கடையின் பழைய வேனில் கொண்டுபோய் விடுகிறேன். இருவரும் பின்னால் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் படிப்பு, மூட்டுவலி என்று பேசிக்கொண்டே வருவார்கள்.

கடையில் இப்போதும் அந்தப் பேச்சு வருகிறது. வேட்பாளரின் சாமி ஓட்டுப் போடுகிறவனுக்கு முக்கியமா என்று யாராவது ஆரம்பித்தால், அந்தச் சாக்கடைப் பதிலை நான் சொல்வதில்லை. அதை நான் ஒருபோதும் நம்பியதில்லை. நம்பியிருந்தால் அக்காவின் படத்தை அப்படியே விட்டிருப்பேன். முக்கியமே இல்லை என்றும் என்னால் சொல்ல முடியவில்லை. போலீஸ் வண்டி வந்தபோது அவளை ரோட்டில் உட்காரவைத்தது எது என்று எனக்குத் தெரியும். அதை அறிந்து ஒருவர் ஓட்டுப் போட்டிருந்தால் அது தப்பா? பந்தலைப் பற்றிக் கேட்டவர் தப்பா? இதைப் பேசப் பலருக்கு உரிமை இருக்கிறது, எனக்கு இல்லை என்று தோன்றும். எழுந்துபோய் பிரிண்டருக்குப் பேப்பர் வைப்பேன்.

சர்ச்சில் இப்போது சரியாகிவிட்டது. பெண்கள் பழையபடி அவள் பக்கத்தில் உட்காருகிறார்கள். மாமியாரும் அவளும் ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறார்கள். யாரும் மன்னித்தேன் என்று சொல்லவில்லை, தானாகவே நாளடைவில் தணிந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மாமாவுக்கு ஷிஃப்ட் இருந்தால் நான் அவர்களைக் கொண்டுபோய் விட்டு வெளியே வண்டியிலேயே உட்கார்ந்திருப்பேன். உள்ளே வரச் சொல்வார்கள், போக மாட்டேன்.

போன மாதம் அப்படி உட்கார்ந்திருந்தபோது ஜெப விண்ணப்பங்களை வாசிப்பது ஸ்பீக்கரில் கேட்டது. யாருக்கோ கிட்னி ஆபரேஷன், யாருடைய பெண்ணுக்கோ வேலை. நடுவில் அக்காவின் பேரைச் சொல்லி, அவருடைய தம்பியின் கடைக்காகவும் அந்தத் தம்பியின் மன சமாதானத்துக்காகவும் ஜெபிப்போம் என்று பாஸ்டர் வாசித்தார். உள்ளே இருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து ஆமென் சொன்னார்கள். எத்தனை நாளாக இது நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

ஆராதனை முடிந்து வந்தவள், வெயிலில் ஏன் உட்கார்ந்திருக்கிறாய், அந்தப் பக்கம் நிழலில் நிறுத்தியிருக்கலாமே என்றாள். மாமியாரை முதலில் ஏற்றிவிட்டு அவளும் ஏறி உட்கார்ந்தாள். ஸ்பீக்கரில் கேட்டது என்று நான் சொல்லவில்லை.